எழுபது வளைவு, இரண்டு கேட், ஒரு நாய்!

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. நாய் வளர்ப்பவர்கள் ஒன்று. நாய் வளர்ப்பவர்களுக்கு அடுத்த ஃப்ளாட்டில் குடியிருப்பவர்கள் இன்னொன்று. முதல் வகை ஆசாமியிடம் போய், "ஸார், உங்க நாய் கடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். "சேச்சே... ஒண்ணும் பண்ணாது!" என்பார். இந்த 'ஒண்ணும் பண்ணாது' என்கிற விஷயத்தை அவர் நாயிடம் தெரிவித்துவிட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள். கோபம் வரும்.

அடியேன் இரண்டாவது வகை.

இந்த இரண்டு கோஷ்டிக்கும் நடுவே தினமும் லிஃப்டில், மாடிப்படியில், அசோசியேஷன் மீட்டிங்கில் நடக்கும் பானிப்பட்டு யுத்தத்துக்கு ஒரு சமாதானத் திட்டம் இருக்கிறது. அதன் பெயர் நாய்ப் பூங்கா. வேலி போட்ட ஒரு இடம். உள்ளே போனதும் கயிற்றை அவிழ்த்துவிடலாம். நாய் இஷ்டத்துக்கு ஓடலாம். வெளியே இருப்பவர்கள் இஷ்டத்துக்கு நடக்கலாம்.

"மனுஷன் உட்காரவே பெஞ்ச் இல்லை, இதில் நாய்க்குப் பார்க்கா?" என்று நீங்கள் பத்திரிகையைத் தூக்கிப் போடுவதற்குள் ஒரு நிமிஷம். நாய்ப் பூங்கா நாய்க்காக மட்டும் அல்ல. நாய் இல்லாத உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். எப்படி என்று சொல்கிறேன்.

* * *

இதை ஆரம்பித்து வைத்தது அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் பெர்க்லி என்கிற ஊரில் பூமிக்கடியில் ரயில் விடுவதற்காக வரிசையாக வீடுகளை இடித்தார்கள். ரயில் கீழே போய்விட்டது. மேலே நிலம் சும்மா கிடந்தது. அதைப் பூங்காவாக்கி, அதில் ஒரு பகுதிக்கு வேலி போட்டு, 1979-ல் நாய்களுக்கு ஒதுக்கினார்கள். ஓலோனி நாய்ப் பூங்கா. உலகத்தின் முதல் நாய்ப் பூங்கா என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஹைதராபாத் முந்திக்கொண்டது. கொண்டாபூரில் முன்பு குப்பை கொட்டிக்கொண்டிருந்த 1.3 ஏக்கர் இடத்தை, சுமார் 1.1 கோடி ரூபாய் செலவில் மாநகராட்சி 2018-ல் நாய்ப் பூங்காவாக மாற்றியது.

பெங்களூர் கதை வேறு. அங்கே கப்பன் பூங்காவில் ஒரு மூலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாய்க்காரர்கள் கூடிக் கூடி, அதுவே நாய்ப் பூங்கா என்று ஆகிவிட்டது. கூடவே புகார்களும் வந்தன. கயிறு இல்லாமல் ஓடவிடுகிறார்கள், அசிங்கம் பண்ணினால் அள்ளுவதில்லை என்று. 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து செல்லப் பிராணிகளுக்கே தடை என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி, தடை நடைமுறைக்கு வராமல் தப்பித்தது. ஒரு ரூபாய் பிளாஸ்டிக் கவரைப் பையில் வைத்துக்கொள்ள மறந்தவர்களால், நகரத்துக்கே கிடைத்த ஒரு மூலை கையைவிட்டுப் போகப் பார்த்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

சேலத்தில் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் நாய் வளர்க்கிறார். பெயர் வீரா. (நாயின் பெயர். நண்பரின் பெயர் வேண்டாம், கடிப்பார்.) அசல் சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்கென்றே தெற்கத்திச் சீமையில் வளர்த்த ஜாதி. ஒல்லி உடம்பு, நீளக் கால், குழிந்த வயிறு. கண்ணில் ஏதாவது அசைந்தால் போதும், மூளையைக் கலந்து ஆலோசிக்காமலேயே கால் கிளம்பிவிடும். அப்பேர்ப்பட்ட பிராணி மூன்றாவது மாடியில், இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில், சோபாவுக்கும் வாஷிங்மெஷினுக்கும் நடுவே வாழ்கிறது.

நாட்டு நாய் மீது நமக்கெல்லாம் திடீர்ப் பாசம் வந்திருப்பது நல்ல விஷயம்தான். ராஜபாளையத்துக்கு 2005-லேயே தபால்தலை போட்டு கௌரவித்தார்கள். தபால்தலையில் இடம் கொடுத்தோம். தரையில்தான் கொடுக்கவில்லை.

ஓட வேண்டிய நாய் ஓடாவிட்டால் என்ன ஆகும்? செருப்பைத் தின்னும், சோபாவைக் கிழிக்கும், ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமில்லாமல் குலைக்கும். வீரா மூன்றையும் செய்தது. வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்கும் கட்டம் வந்தபோதுதான் நண்பருக்கு ஞானோதயம் ஏற்பட்டது.

"ஸார், நாய்ப் பார்க் நாய்ப் பார்க்னு சொல்றீங்களே... கொல்லிமலை எதுக்கு இருக்கு? கடவுளே போட்ட டாக் பார்க் ஸார்! கேட்டும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. வர்ற ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்!"

போன தை மாதம் கிளம்பினோம். ராசிபுரம், பேளுக்குறிச்சி, காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். வாழ்க்கையில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொண்டே போகலாம்.

பன்னிரண்டாவது வளைவில் வீரா கொட்டாவி விட்டது. இருபதில் வாயில் எச்சில் வழிந்தது. முப்பத்தொன்றில், காலையில் என்ன சாப்பிட்டது என்பதை என் பேண்ட்டுக்கு விவரமாகத் தெரிவித்தது. (மலைப் பயணத்துக்கு முன் மூன்று, நான்கு மணி நேரம் நாய்க்கு ஆகாரம் கொடுக்கக் கூடாது. கொட்டாவியும் எச்சிலும் அதற்கான முன்னறிவிப்பு. இது உங்கள் பேண்ட்டின் நலன் கருதி.)

செம்மேட்டில் குதிரை மேல் வில்லோடு வல்வில் ஓரி சிலையாக நிற்கிறார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் சாய்த்ததாகப் புறநானூறு புகழும் மனுஷர். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செம்மேடு தாண்டி ரோட்டோரம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். ஒரு அம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் சரிவு, பலா மரங்கள், காற்று. ஆள் நடமாட்டமே இல்லை.

"பார்த்தீங்களா, எவ்வளவு காலி இடம்!" என்று நண்பர் கயிற்றை அவிழ்த்தார்.

ஓரி ஒரே அம்பில் ஐந்தைச் சாய்த்தார் அல்லவா? வீராவும் ஒரே பாய்ச்சலில் ஐந்தைச் சாய்த்தது. மிளகுப் பாய் ஒன்று. டீ கிளாஸ் தட்டு இரண்டு. பெஞ்ச் மூன்று. திண்ணையில் அடை உட்கார்ந்திருந்த கோழியின் கூடை நான்கு.

ஐந்தாவது, அந்த அம்மாளின் பேரன். ஏழு வயது இருக்கும். நாயைப் பார்த்ததும் பயந்து சரிவில் ஓடினான். ஓடுவதைத் துரத்துவதற்கென்றே பிறந்த பிராணியின் முன்னால் ஓடினால் அது வேறு என்ன செய்யும்? "வீரா! வீரா! நோ!" என்று நண்பர் கத்தியது ஏற்காட்டுக்கே கேட்டிருக்கும். வீராவுக்குக் கேட்கவில்லை. பையன் கல் தடுக்கி விழுந்தான்.

அப்போது எங்கிருந்தோ ஒரு சாதா நாய், நண்பர் இறங்கும்போதே 'சொறிநாய்' என்று வர்ணித்த அதே நாய், குறுக்கே வந்து பையனுக்கு முன்னால் நின்றது. கடிக்கவில்லை. நின்று, அடித்தொண்டையில் உறுமியது. அவ்வளவுதான். வீரா சடக்கென்று நின்று, வாலை மடித்துக்கொண்டது.

அந்த அம்மாள் எங்களைத் திட்டவில்லை. பையனைத் தூக்கி வந்து, தண்ணீர் ஊற்றி முழங்காலைக் கழுவினார். "பல்லு பட்டுச்சா கண்ணு? சொல்லு, பல்லு பட்டுச்சா?" என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு நண்பரைப் பார்த்து, "ஊசி போட்ட நாயாங்க?" என்றார்.

"போட்டாச்சு... போட்டாச்சுன்னுதான் நினைக்கிறேன். ஒய்ஃபுக்குத்தான் தெரியும்."

போன் செய்தால் சிக்னல் இல்லை. நண்பர் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரோட்டில் அங்கும் இங்கும் நடந்த அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே... யாரும் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் 70 வளைவும் இறங்கியாக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவழியாக சிக்னல் கிடைத்து, வீட்டம்மா தடுப்பூசி அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினார். போட்டிருந்தது. பையனின் காலிலும் சிராய்ப்புதான், பல் பட்ட தடம் இல்லை. டீ ஆறிப்போயிருந்தது. குடித்தோம்.

பிறகு கணக்கு. உடைந்த கிளாஸ் இத்தனை, சிந்திய மிளகு இவ்வளவு. "கோழி எவ்வளவும்மா?" என்றார் நண்பர் தாராளமாக.

"கோழிக்கு ஒண்ணும் ஆகலீங்களே. ஆனா அடை உட்கார்ந்த கோழி பயந்து எந்திரிச்சா திரும்ப உட்காருமோ உட்காராதோ. கீழ பதினொரு முட்டை. பதினொரு குஞ்சு. அதுல ஆறு பொட்டைன்னு வெச்சுக்கிட்டா..."

நண்பர் அவசரமாகப் பர்ஸை எடுத்தார். இன்னும் இரண்டு தலைமுறை போயிருந்தால் காரை விட்டுவிட்டு வந்திருப்போம்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு முட்டைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். கொல்லிப்பாவை சிரித்தே கொல்லும் என்பார்கள். இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இங்க நாய் இல்லாத வூடு இல்லீங்க தம்பி. ராத்திரி பன்னி வந்தா குலைக்கணும், பகல்ல கொரங்கு வந்தா வெரட்டணும். ஆனா கோழியத் தொடக் கூடாதுன்னு குட்டியிலயே பழக்கிருவோம். எந்த நாய் எவுரு காட்டுக்குள்ள வரலாம்னு எங்க ஊருக்குத் தெரியும், நாய்க்கும் தெரியும். உங்க நாய் பாவம், அதுக்கு எதுவும் தெரியாது. நீங்களாவது கேட்டுட்டு அவுத்து உட்டிருக்கலாம்."

* * *

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. 'காலி இடம்' என்பது டவுன்காரன் கண்ணுக்கு மட்டும் தெரியும் வஸ்து. மலையில் அப்படி எதுவுமே இல்லை. ரோடு ஓரம் ஒருத்தர் வாசல், சரிவு ஒருத்தர் மிளகுத் தோட்டம், அதைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் நம் நாயை விட்டால் அங்குள்ள பிராணிகளுக்கு வேறு ஆபத்து. 2018-ல் குஜராத் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருந்ததாகக் கண்டறியப்பட்டது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ்.

மலையிலாவது பையனுக்குக் குறுக்கே நிற்க ஒரு ஊர் நாய் இருந்தது. சென்னையில், 2024 மே மாதம், ஆயிரம்விளக்கு மாடல் ஸ்கூல் ரோடு மாநகராட்சிப் பூங்காவில் ஒரு ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. பூங்காவைக் காவல் காத்தவரின் மகள். தலையில் பலத்த காயம். நாய்களின் கழுத்தில் கயிறு இல்லை. அது குழந்தைகள் விளையாடும் பூங்கா. நாய்க்கென்று தனி இடமும் அங்கே இல்லை. நாய்ப் பூங்கா ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குழந்தைதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

அதற்குப் பிறகு மாநகராட்சி விறைப்பானது. வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் சொல்லிவிட்டார்கள். தெருநாய் விஷயத்தில் அதே 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடு, வெறி பிடித்ததையும் முரட்டு நாயையும் விடாதே, சாப்பாடு போடுவதற்கு வார்டுதோறும் தனி இடம் ஒதுக்கு என்றது. அதாவது எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். நாய்க்கென்று ஒரு இடம் வேண்டும்.

* * *

சரி, நல்ல நாய்ப் பூங்கா எப்படி இருக்கும்?

முக்கியமான சமாசாரம் கேட். ஒன்று அல்ல, இரண்டு. முதல் கேட்டைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்தி, நடுவில் உள்ள சின்ன அடைப்பில் கயிற்றை அவிழ்த்து, பிறகுதான் இரண்டாவது கேட்டைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. எந்த நாயும் தப்பித்து ரோட்டுக்கு ஓட முடியாது.

அவிழ்ப்பது ஏன் நடு அடைப்பில்? கயிறு கட்டிய நாயும் அவிழ்த்த நாயும் சந்தித்தால் வம்பு. கட்டிய நாய்க்கு 'நம்மால் ஓட முடியாது' என்று பயம். பயந்த நாய்தான் முதலில் பல்லைக் காட்டும். அதே மாதிரி, புதிதாக ஒரு நாய் வந்தால் உள்ளே இருக்கும் பத்தும் மாமியார் வீட்டு உறவினர் மாதிரி கேட்டில் வந்து மொய்க்கும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். அப்போது உங்கள் நாயைக் கூப்பிட்டு நகர்த்திவிட வேண்டும். செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது.

பெரிய நாய்க்கும் குட்டி ஜாதிக்கும் தனித்தனி அடைப்பு வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியைக் கொண்டுபோகக் கூடாது, பார்வோ வைரஸ் தொற்றிக்கொள்ளும். பருவத்தில் இருக்கும் பெட்டை நாய்க்கு அன்றைக்கு லீவ். பிஸ்கட், பந்து போன்ற சொத்துத் தகராறுகளைத் தவிர்க்கலாம். சின்னக் குழந்தைகளை உள்ளே அழைத்துப் போகாமலிருப்பது உத்தமம். அசிங்கத்தை அள்ளிப் போட கவர். பெங்களூர் ஞாபகம் இருக்கட்டும்.

இதற்கு 1.1 கோடி வேண்டும் என்று பயப்படாதீர்கள். பெரிய லே-அவுட் போடும்போது பத்து சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்று நம் ஊரில் விதியே இருக்கிறது. முள்செடி முளைத்துக் கிடக்கும் அந்த இடத்தின் ஒரு மூலை போதும். வேலி, தண்ணீர்த் தொட்டி, இரண்டு கேட். அதுவும் முடியாதா? வேலி போட்ட மைதானம் ஏதாவது இருந்தால், காலையில் ஒரு மணி நேரம் நாய்க்கு, மற்ற நேரம் மனிதர்களுக்கு என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம். அசோசியேஷன் மீட்டிங்கில் நாய்க்காரர்கள் கேட்டால், 'அவருக்கு வேற வேலையில்லை' என்பார்கள். ஆகவே நாய் இல்லாத நாம்தான் எழுந்து கேட்க வேண்டும். நான் எங்கள் அசோசியேஷனில் மனு கொடுத்துவிட்டேன். செகரட்டரி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

ஊசி விஷயம் ஒன்று பாக்கி. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்தியது பழைய கதை. அந்த மருந்து தயாரிப்பை நம் நாட்டில் 2004-ம் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான், சில தவணைகள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கடி பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஓடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். வெறிநாய் நோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன்னால் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். நாய்க்கு வருஷாந்திர ஊசி போட்ட அட்டையை மனைவியின் பீரோவில் வைக்காமல் சொந்தச் செல்போனில் வைத்திருப்பது, மலையேறும் கணவர்களுக்கு நல்லது.

* * *

நாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று இன்னும் யோசிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிடைத்திருக்கிறது. கல்லில் வீரன் ஒருவன். பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற விவரத்தைப் பெயரோடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இருபத்தைந்து வருஷ சர்வீஸுக்குப் பிறகு ஆபீஸில் ஒரு போர்டிலாவது பெயர் எழுதுகிறார்கள்?

கோவிவனுக்குக் கல் நட்டவர்கள் நாம். அதன் வாரிசுகளுக்கு ஒரு கேட் போட முடியாதா?

மன்னிக்கவும். இரண்டு கேட்!